திரும்பி வருகிறவருக்கு ஒரு பிரிவு

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு வாசல் அக்கா என்று பெயர். மேசையை வாசலைப் பார்த்துத்தான் போட்டுக்கொள்வாள். சாரல் அடித்தாலும் தூசி பறந்தாலும் நகரமாட்டாள். கதவு திறந்தால் தலை நிமிரும். தபால்காரரைக் கண்டு ஒரு நொடி மலர்ந்து அப்புறம் அடங்கிப்போகும் அந்த முகத்தை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவளுடைய கணவர் எலெக்ட்ரீஷியன். ஒருநாள் காலையில் வேலைக்குக் கிளம்பியவர் திரும்பவே இல்லை.

எங்களுடையது சட்டத்தைத் திருத்து, திருத்து என்று அரசாங்கத்தின் உயிரை எடுக்கும் ஒரு சின்ன அமைப்பு. எங்கள் சொத்து ஒரு வக்கீலும், இஷ்டப்பட்டால் ஓடும் ஒரு மின்விசிறியும். அக்கா முதலில் உதவி கேட்டுத்தான் வந்தாள். வீடு கணவர் பேரில் இருந்தது. கூரை ஒழுகியது; பிரித்துக் கட்ட அவர் கையெழுத்து வேண்டும். ஆள் இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ் கொண்டுவா என்று நகராட்சி அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். "அவர் செத்துட்டார்னு நான் எப்பங்க சொன்னேன்?" என்று அங்கேயே ஒரு பாட்டம் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தாள். அந்தச் சண்டைக்காரியை வக்கீலுக்குப் பிடித்துப்போய், இங்கேயே வேலைக்கு வைத்துக்கொண்டார்.

காணாமல் போனவர்களின் குடும்பத்துக்கென்று ஒரு சட்டம் வேண்டும் என்று வருடக்கணக்கில் நாயாய் அலைந்தோம். வரைவு எழுதுவதில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாற்காலிகளை வரிசையாகப் போடுவோம். ஒன்று காவல் நிலையம், ஒன்று நீதிமன்றம், ஒன்று பதிவு அலுவலகம். ஒவ்வொன்றிலும் ஒருவர் அதிகாரியாக உட்கார, இன்னொருவர் மனுவோடு நடந்து வருவார். அதிகாரி வரைவில் எழுதியிருப்பதை மட்டும்தான் பேச வேண்டும். வந்தவர் எந்த நாற்காலியில் மாட்டிக்கொள்கிறாரோ, அந்தப் பிரிவைத் திருத்துவோம். மனைவியாக நடந்தோம், அம்மாவாக நடந்தோம், பிள்ளையாக நடந்தோம். பதிவு அலுவலகம் எப்போதும் நான்தான். என் கடுகடு மூஞ்சிக்கு வேஷமே வேண்டாம் என்பாள் அக்கா.

ஒருவழியாகச் சட்டம் வந்தது. அன்றைக்கு வக்கீல் தேம்பித் தேம்பி அழுதார். காணாமல் போனவர் இனி இல்லாதவர் என்று ஒரு சான்றிதழ் கிடைக்கும். அது இருந்தால் வீடு மனைவி பேருக்கு மாறும்; கல்யாணமும் முடிந்ததாகிவிடும். எத்தனையோ பெண்களுக்கு அக்காவே கூடப் போய் வாங்கிக் கொடுத்தாள். தனக்கு மட்டும் வாங்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "உனக்கென்னக்கா கிறுக்கா? ஊருக்கெல்லாம் வாங்கிக் குடுக்குற. உன் பொண்ணு ஒழுகுற இடத்துல பாத்திரத்த வச்சுட்டு ஓரமா உக்காந்து படிக்கிறா."

"தெரியும்டி. மனு எழுதத்தான் உக்காந்தேன். கை ஓடல. நாம ஒருத்தர நடக்க வைக்கவே இல்ல."

"யார?"

"அவர."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை பேர் மாற்றி மாற்றி நடந்தோம். காணாமல் போன மனுஷன் ஒருநாள் வந்து நின்றால் என்ன ஆகும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வர மாட்டார் என்று நாங்களே மனதுக்குள் முடிவு கட்டியிருக்கிறோம். அவளிடம் அதைச் சொல்ல முடியுமா?

அக்கா போய்க் கேட்டதும் வக்கீல் மழுப்பினார். "அப்படித் திரும்பி வந்தவங்க யாரும்மா இருக்காங்க? இதுக்குப் போய் ஒரு திருத்தம்னு நின்னா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் சார். நாற்காலியப் போடுங்க."

போட்டோம். அக்கா வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திரும்ப உள்ளே வந்தபோது காதில் பேனாவைச் செருகியிருந்தாள். கணவர் கரண்ட் பார்க்கும் டெஸ்டரை அப்படித்தான் செருகுவாராம். நடையும் அவளுடையது இல்லை. ஒரு தோளைச் சற்று இறக்கி, யாரையோ தேடுகிற மாதிரி மெதுவாக வந்தாள். அவள் தினமும் பார்த்துக்கொண்டிருந்த வாசல் வழியாகத்தான் வந்தாள். எதிரே அவளுடைய மேசை காலியாக இருந்தது.

காவல் நிலையம் அவளை நீதிமன்றத்துக்கு அனுப்பியது. நீதிமன்றம் என்னிடம் தள்ளிவிட்டது.

"நான் வந்துட்டேங்க. என் வீட்டுக்குப் போகணும்."

சட்டத்தைப் புரட்டினேன். அவருக்கென்று ஒரு வரி இல்லை. எழுதியிருப்பதைத்தானே நான் பேச வேண்டும்.

"சட்டப்படி நீங்க இல்லைங்க. வீடு உங்க பேர்ல இல்ல. உங்க கல்யாணமும் முடிஞ்சுபோச்சு."

அவள் காதிலிருந்த பேனாவைச் சரியாகச் செருகிக்கொண்டாள்.

"வீடு வேணாங்க. அவ பேர்லயே இருக்கட்டும். நான் வந்தேன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடுறீங்களா?"

வக்கீல் காகிதத்தை இழுத்து, திரும்பி வருகிறவருக்கென்று ஒரு பிரிவை மளமளவென்று எழுத ஆரம்பித்தார். அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் பதிலுக்காக அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.