விளக்கைப் பிடித்திருந்த கை

திருத்தங்கலில் ஓர் அச்சகத்தின் மாடியில் என் பல் மருத்துவமனை இருக்கிறது. கீழே மெஷின் ஓடும்போது மேலே தரை லேசாக அதிரும். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் ஆர்டர் குவிகிற சீசனில் அந்த அதிர்வு நாள் முழுக்க நிற்காது. புதிதாக வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும், "என்னம்மா, நடுங்குது?" என்று கேட்பார்கள். "கீள பிரஸ் ஓடுதுங்க" என்பேன். பாதிப் பேருக்கு அது நிம்மதி. தாங்கள் நடுங்குவது அதில் மறைந்துவிடும்.

குழந்தைகளுக்குப் பயம் வந்தால் அழுவார்கள். பெரியவர்களின் பயம் காரணம் சொல்லும். வீட்டில் விசேஷம், லோடு ஏற்ற வேண்டும், பஸ் போய்விடும். ஒரு கம்பெனி முதலாளி மாடிப்படியில் பாதி ஏறி, அங்கிருந்தே எனக்கு போன் செய்து, "வலி நின்னுருச்சும்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போயிருக்கிறார். இப்படிப்பட்டவர்களுக்கென்று நானும் சில வழிகள் வைத்திருந்தேன். முதல் நாள் எதுவும் செய்ய மாட்டேன், பேச்சு மட்டும்தான். எந்தக் கருவி எதற்கு என்று கையில் கொடுத்துக் காட்டுவேன். இடது கையைத் தூக்கினால் அந்த நொடியே நிறுத்திவிடுவேன் என்று வாக்குக் கொடுப்பேன். பெரும்பாலும் இதுவே போதுமாக இருந்தது. ஊசிக்குப் பயம், சத்தத்துக்குப் பயம், சின்ன வயதில் யாரோ அமுக்கிப் பிடித்துப் பிடுங்கிய பல்லின் பயம். இவ்வளவுதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அந்த அக்கா முதன்முதலில் வந்தது ஒரு பங்குனி வெயிலில். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து ஊர். நாற்பதைத் தாண்டியிருக்கலாம். கணவர் கூட வந்திருந்தார். பட்டாசு ஆலைகளுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறவர். அக்காவின் வலது கன்னம் வீங்கியிருந்தது. இடது கன்னத்திலிருந்து கழுத்து வழியாகக் கை வரைக்கும் பழைய தீக்காயத்தின் தழும்பு. உதட்டின் ஓரத்தை அந்தத் தழும்பு கீழே இழுத்து வைத்திருந்தது. இந்தப் பக்கத்தில் அப்படி ஒரு தழும்பைப் பார்த்தால் யாரும் எப்படி வந்தது என்று கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

"எம்புட்டு நாளா வலி?" என்றேன்.

"தைப் பொங்கலுக்கு முந்தியே தொடங்கிருச்சு டாக்டரம்மா. கிராம்பு வச்சேன். மெடிக்கல்ல மாத்திரை வாங்கித் தின்னேன். ராவானா தூக்கமே இல்ல."

அமைதியாகத்தான் பேசினார். நாற்காலியிலும் தயங்காமல் சாய்ந்தார். ஊசி என்றேன், சரி என்று தலையாட்டினார். இவருக்குப் பயமே இல்லை என்று நினைத்துக்கொண்டு தலைக்கு மேலிருந்த விளக்கைப் போட்டேன்.

அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ளவே எனக்கு நேரம் பிடித்தது. இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அக்கா நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் உருண்டு விழுந்தார். கருவிகள் இருந்த தட்டு சரிந்து தரையெல்லாம் சிதறியது. கூப்பிடுவதற்குள் எழுந்து வெளியே ஓடிவிட்டார். செருப்புகள் மட்டும் வாசலில் கிடந்தன.

கணவர் குனிந்து, சிதறிய சாமான்களை என் உதவியாளரோடு சேர்ந்து பொறுக்கத் தொடங்கினார்.

"தப்பா நெனைக்காதீக டாக்டரம்மா. நான் முந்தியே சொல்லியிருக்கணும். பட்டாசு ஆலையில அவ வேல பாத்த ரூம்ல வெடிமருந்து பத்திக்கிருச்சு. பல வருசம் ஆச்சு. சத்தம் ஊரு பூரா கேட்டுச்சு, ஆனா அவளுக்கு அந்தச் சத்தம் நெனப்பே இல்ல. மொதல்ல வெளிச்சம்தான் வந்துச்சும்பா. மூஞ்சிக்கு நேரா வெள்ளையா ஒரு வெளிச்சம். இன்னைக்கும் வீட்டுல டியூப் லைட்டுக்கு முதுகக் காட்டித்தான் உக்காருவா."

மனைவியின் செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் படியிறங்கிப் போனார்.

அன்று மதியம் ஆள் வராத நேரத்தில், நானே அந்த நாற்காலியில் படுத்துக்கொண்டு விளக்கைப் போடச் சொன்னேன். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அப்படிப் படுத்துப் பார்த்ததில்லை. கண்ணுக்கு நேரே வட்டமாக ஒரு வெள்ளை. அதன் பின்னால் இருந்த சுவர் போய்விட்டது, மின்விசிறி போய்விட்டது, பக்கத்தில் நின்ற உதவியாளரின் முகமும் போய்விட்டது. கண்ணை மூடினேன். இமைக்குள் சிவப்பாக இருந்தது. நான் படுத்திருந்தது கொஞ்ச நேரம்தான். அதற்குள் எழுந்துவிட வேண்டும் போல இருந்தது.

அக்காவின் கணவருக்கு போன் செய்தேன். "லைட்டே போட மாட்டேன். சும்மா வந்து உக்காந்துட்டுப் போகட்டும்."

அக்கா வரமாட்டார் என்றுதான் எண்ணினேன். ஆனால் சில நாள் கழித்து வந்தார். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தோம். காலை வெயில் நன்றாக உள்ளே விழுந்தது. அக்கா வாயைத் திறந்தார். தழும்பு இழுத்துப் பிடித்திருந்ததால் இரண்டு விரல் அளவுக்கு மேல் வாய் திறக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் முன்பற்கள் தெரிந்தன. கடைவாய் இருட்டாகவே இருந்தது.

மறைக்காமல் சொன்னேன். "அக்கா, வீக்கம் தெரியுது. அதுக்கு மாத்திரை தாரேன். ஆனா அந்தக் கடவாப் பல்ல எடுத்துத்தான் ஆகணும். வெளிச்சம் இல்லாம என்னால எடுக்க முடியாது. மதுரையில பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தாரேன். மயக்கம் குடுத்து எடுப்பாங்க."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, அணைத்து ஓரமாகத் தள்ளியிருந்த விளக்கை நோக்கி முகத்தைத் திருப்பினார்.

"அது சுடுமா?"

இப்படியும் ஒருவர் கேட்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"சுடாதுக்கா. வெளிச்சம் மட்டும்தான்."

"நெசமாவா?"

"தொட்டுப் பாக்குறீகளா?"

விளக்கைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவிட்டுப் போட்டேன். சுவரில் வெள்ளை வட்டம் விழுந்தது. அக்கா எழுந்து, சுற்றிக்கொண்டு விளக்கின் பின்புறமாக வந்தார். கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு இடது கையை மெல்ல அதன் முன்னால் நீட்டினார். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு இழுத்துக்கொண்டார்.

"இந்தக் கையில தெரியாது" என்றார். "வெந்த கை."

இப்போது வலது கையை நீட்டினார். உள்ளங்கையில் வெளிச்சம் விழுந்து விரல்களின் ஓரம் ரோஜா நிறமானது. கையை அப்படித் திருப்பி, இப்படித் திருப்பிப் பார்த்தார்.

"சுடலையே" என்றார். எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை.

நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்து, "நானே பிடிச்சுக்கிடவா?" என்று கேட்டார்.

படிப்பிலும் தொழிலிலும் அப்படி ஒரு முறையை நான் கேள்விப்பட்டதில்லை. நான் நோயாளிக்கு வலப்பக்கம் உட்காருகிறவள். விளக்கை அவர் பிடிப்பதென்றால் இடது கையால்தான் பிடிக்க வேண்டும். சூடு தெரியாத அந்தக் கையால் கைப்பிடியைப் பற்றினார். வெளிச்சத்தை முதலில் தன் பாதத்தில் விழும்படி திருப்பினார். மெட்டி மின்னியது. அங்கிருந்து மெதுவாக முழங்காலுக்கு ஏற்றினார். மடிக்கு வந்ததும் நிறுத்தினார். நெற்றியெல்லாம் வியர்வை.

"இன்னைக்கு இம்புட்டுப் போதும்" என்றார்.

அடுத்த முறை வெளிச்சம் கழுத்து வரை வந்தது. தாலிக்கயிற்றுக்குக் கொஞ்சம் மேலே நின்று, அங்கேயே வெகுநேரம் நடுங்கிக்கொண்டிருந்தது. "பயப்படாதீங்க" என்று சொல்வதற்கு வாய் வரவில்லை. பயந்துகொண்டேதான் அவர் அதைச் செய்துகொண்டிருந்தார். அதற்கிடையில் மாத்திரையில் வீக்கம் வடிந்திருந்தது. வாயை நன்றாகத் திறப்பதற்காக, ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்துப் பழகச் சொல்லியிருந்தேன். தினமும் செய்திருக்கிறார் என்பது பார்த்ததுமே தெரிந்தது. தழும்பு கொஞ்சம் இடம் கொடுத்திருந்தது.

பல் எடுக்க வந்த நாளில் அவருடைய கணவரால் உள்ளே நிற்க முடியவில்லை. "நான் கீள வேன்ல இருக்கேன்" என்று போய்விட்டார். அக்கா சாய்ந்து, கையைத் தூக்கிக் கைப்பிடியைப் பற்றினார். வெளிச்சம் மடி, மார்பு, கழுத்து என்று ஏறி, தாடையில் ஒரு நொடி தங்கி, வாய்க்குள் இறங்கியது. கண்களை இறுக மூடியிருந்தார். ஆனால் கை விலகவில்லை. அந்தக் கடைவாயை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன்.

ஊசி போட்டேன். மரத்துப்போகும் வரை காத்திருந்தோம். பல்லை அசைக்க ஆரம்பித்த பாதியில், திடீரென்று என் கண்முன் எல்லாம் இருண்டது. விளக்கு கூரையைப் பார்க்கத் திரும்பியிருந்தது. உடனே கைகளை எடுத்துவிட்டேன். நிறுத்து என்பதை அவர் சொன்ன விதம் அது. மார்பு ஏறி இறங்கியது. மூடிய கண்களின் ஓரத்தில் தண்ணீர் வழிந்து காதுப் பக்கம் ஓடியது. உதவியாளர் என்னைப் பார்த்தாள். இத்துடன் முடிந்தது என்று எனக்கும் பட்டது. கருவியைத் தட்டில் வைக்கப் போனேன்.

அப்போது கூரையிலிருந்த வெள்ளை வட்டம் நகர்ந்தது. சுவரில் இறங்கியது, என் கையுறை மேல் ஏறியது, அவருடைய தோளுக்கு வந்தது, திரும்பவும் அந்த வாய்க்குள் போய் நின்றது. யாரும் கூப்பிடவில்லை, யாரும் தைரியம் சொல்லவில்லை. ஒரு காலத்தில் தன் முகத்தை எரித்த ஒன்றைப் போலவே தோன்றிய வெளிச்சத்தை, ஒரு மனுஷி தன் கையாலேயே தன் முகத்துக்குக் கொண்டுவந்தாள். கையில் கருவி இருப்பதை நினைவுபடுத்திக்கொண்டுதான் வேலையைத் தொடர வேண்டியிருந்தது.

பல் வந்துவிட்டது. பஞ்சை வைத்து, கடித்துக்கொள்ளச் சொன்னேன். பேச முடியாததால் அவர் கையைக் காட்டிக் கண்ணாடி கேட்டார். உதவியாளர் கொடுத்தாள். பல் இருந்த இடத்தைத்தான் பார்க்கப் போகிறார் என்று நினைத்தோம். அவர் அதைப் பார்க்கவில்லை. விளக்கைத் தன் முகத்துக்கு நேரே பிடித்து, கண்ணைத் திறந்து, இடது கன்னத்தைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். அத்தனை வெளிச்சத்தில் அந்தத் தழும்பை அதுவரை அவர் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். பார்த்து முடித்ததும் கண்ணாடியை உதவியாளர் கையில் கொடுத்துவிட்டு, எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார்.

கணவர் மேலே வந்தார். "முடிஞ்சிருச்சா? ஏத்தா, முடிஞ்சிருச்சா?" அக்கா உள்ளங்கையை விரித்து, நான் கழுவிக் கொடுத்திருந்த பல்லைக் காட்டினார். "ஆத்தாடி, எம்புட்டுப் பெருசு!" என்று அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஞ்சு விழுந்துவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அதன் பிறகு, பயப்படுகிறவர்கள் யார் வந்தாலும் விளக்கின் கைப்பிடியை முதலில் அவர்களிடம் கொடுக்கிறேன். சிலர் பிடித்துக்கொள்கிறார்கள். சிலர், "நீங்களே பாத்துக்கோங்க" என்று சிரிக்கிறார்கள். படியில் பாதி ஏறித் திரும்பிப்போன அந்த முதலாளி ஒரு நாள் முழுப் படியும் ஏறி வந்து, விளக்கைப் பிடித்த பிடியில் அதன் இணைப்பையே கழற்றிவிட்டார். ஆனாலும் பல்லை அடைத்துக்கொண்டுதான் போனார். எல்லோருக்கும் இது பலிக்கிறது என்று சொல்ல மாட்டேன். எது யாருக்குப் பலிக்கும் என்பது எனக்கு இன்னமும் தெரியாது.

ஐப்பசியில் அக்கா மற்ற பற்களைச் சுத்தம் செய்ய வந்தார். தனியாகவே பஸ்ஸில் வந்திருந்தார். தானே விளக்கைப் போட்டு, தானே பிடித்துக்கொண்டார். நான் வேலை செய்துகொண்டிருந்தபோது என் மணிக்கட்டைத் தட்டி நிறுத்தச் சொன்னார். பதறிப்போய்க் கையை எடுத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டுக் கேட்டார்.

"உங்க கை நெழலு உள்ள விழுதோ? குனிஞ்சு குனிஞ்சு பாக்கீக."

விழத்தான் செய்தது. விளக்கைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி, "இப்ப தெரியுதா?" என்றார்.

"தெரியுதுக்கா" என்றேன்.

"அப்ப பாருங்க" என்று வாயைத் திறந்தார்.