வெள்ளிக்கிழமையை மறந்த பெட்டி

ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு நான்தான் தலைவர். அந்தப் பிரிவில் இருக்கும் ஒரே ஆளும் நான்தான் என்பதை எப்போதும் இரண்டாவது வாக்கியத்தில்தான் சொல்வேன். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் தலைவரைத்தான் கூப்பிடுவார்கள். மூன்று வருஷம் சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். அங்கே கற்றதை யாரிடமாவது காட்டியே தீர வேண்டும் என்று கை அரித்துக்கொண்டே இருந்தது. காட்டினேன். ஒரு அக்காவின் நாற்காலி போனது.

அந்த அக்கா ஃபைனல் செக்கிங் மேசையின் பொறுப்பாளர். தையல் விட்டிருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா, இடது வலது ஒரே அளவா என்று பார்த்து, அவர் சரி என்று சொன்ன ஜோடிதான் அட்டைப்பெட்டிக்குள் போகும். பதினோரு வருஷம் பசை ஒட்டும் பகுதியில் சொல்யூஷன் வாடையில் நின்று, இருமி இருமி, போன வருஷம்தான் செக்கிங்குக்கு வந்திருந்தார். பசைப் பகுதியில் யாருக்கும் நாற்காலி கிடையாது. செக்கிங் பொறுப்பாளருக்கு உண்டு.

அவர் மேசையில் ஒவ்வொரு ஜோடியையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று வெளிநாட்டு வாங்குவோர் கேட்டார்கள். அதற்கு ஒரு சின்ன புரோகிராம் போதும். நான் பெரிய பெரிய கம்பெனிகள் வைத்துக்கொள்ளும் குபெர்நெட்டீஸ் வரைக்கும் போனேன். எலி பிடிக்க ஜேசிபி கொண்டுவந்த மாதிரி.

மேனேஜருக்கு இப்படி விளக்கினேன். புரோகிராமையும் அது ஓடத் தேவையான எல்லாச் சாமானையும் சேர்த்து ஒரு பெட்டியில் அடைத்துவிடுகிறோம். அதுதான் கன்டெய்னர். ஹைவேயில் லாரியில் போகும் இரும்புப் பெட்டி இல்லை, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பெட்டி. எந்த மிஷினில் இறக்கினாலும் அப்படியே ஓடும். பெட்டிகளை மேய்க்க மேலே ஒரு மேஸ்திரி, அவன்தான் குபெர்நெட்டீஸ். 'இந்தப் பெட்டி எப்போதும் ஒன்று ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அது உயிரோடு இருப்பதற்கு இது அடையாளம்' என்று அவனுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். மூச்சு நின்ற பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதே மாதிரி புதுசு ஒன்றை இறக்கிவிடுவான். யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"லீவு கேப்பானா?" என்றார் மேனேஜர்.

"மாட்டான் சார்."

"எதுக்கு மாத்தினேன்னு யாரயாச்சும் கேப்பானா?"

"தாள்ல எழுதினத செய்வான், அவ்ளோதான்."

"இவனத்தான்யா இத்தன வருஷமா நான் தேடிக்கினு இருந்தேன்!"

அந்தத் தாளில் நான் இரண்டு தப்பு செய்தேன்.

முதல் தப்பு சோம்பேறித்தனம். பெட்டிக்குள் எழுதியதெல்லாம் பெட்டி போனால் கூடவே போய்விடும். காப்பாற்ற வேண்டியதைப் பெட்டிக்கு வெளியே தனி இடம் ஒதுக்கி வைக்க வேண்டும். இந்தத் தொழிலில் முதல் நாள் பாடம் இது. சென்னையில் நானே நாலு பேருக்கு எடுத்த பாடம். ஆனால் வெளியே இடம் ஒதுக்க இன்னும் அரை நாள் வேலை இருந்தது. அதனால் அக்கா ஸ்கேன் செய்வதெல்லாம் பெட்டிக்குள்ளேயே சேர்ந்து, மதியம் இரண்டரைக்கும் சாயங்காலம் ஆறுக்கும் மொத்தமாக, ஃபேக்டரிக் கணக்கு இருக்கும் பெரிய மிஷினுக்குப் போகும்படி வைத்தேன். 'இப்போதைக்கு' என்று சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது தப்பு புத்திசாலித்தனம். புரோகிராமிடமே 'இருக்கியா?' என்று கேட்டு, 'இருக்கேன்' என்று பதில் வந்தால் விட்டுவிடுவதுதான் முறை. எனக்கு அது ரொம்பச் சாதாரணமாகப் பட்டது. ஸ்கேனுக்கு ஷூ வந்துகொண்டிருந்தால் உயிர் இருக்கிறது, வராவிட்டால் செத்துவிட்டது என்று எழுதினேன். எவ்வளவு நேரம் வராவிட்டால்? அக்கா மேசையில் சாப்பாட்டு இடைவேளை அரை மணி. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் கையில் போனை வைத்துக்கொண்டு அளந்தேன். தாராள மனதோடு நாற்பத்தைந்து நிமிடம் கொடுத்தேன். வியாழக்கிழமை காலை பெட்டியை இறக்கினேன். சாயங்காலம் வரை திரையில் எல்லாம் பச்சை. மேனேஜர் எனக்கு டீ சொன்னார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்கள் ஃபேக்டரி வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காகப் பன்னிரண்டே முக்காலுக்கு நின்றால் இரண்டேகாலுக்குத்தான் திரும்ப ஓடும். தொழுகைக்குப் போகிறவர்கள் போவார்கள், மற்றவர்கள் வீட்டுக்குப் போய் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். வெள்ளிக்கிழமை ஒன்றரை மணிக்கு நான் எங்கே இருப்பேன் என்று பிரியாணிக் கடையில் கேட்டால் என் மேசையைக் காட்டுவார்கள். ஜெர்மனியில் உட்கார்ந்து எழுதியவன் அந்தத் தாளில் வெள்ளிக்கிழமையை மறந்திருந்தால் மன்னிக்கலாம். நான் அந்த ஒன்றரை மணி நேரத்தைத் தின்றே வளர்ந்தவன்.

சரியாக ஒன்றரைக்கு நான் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள இன்னும் கொஞ்சம் கத்திரிக்காய் கேட்டுக்கொண்டிருந்திருப்பேன். நாற்பத்தைந்து நிமிடமாக ஷூ வரவில்லை என்று மேஸ்திரி பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதுப் பெட்டி இறக்கினான். அக்கா காலையிலிருந்து ஸ்கேன் செய்த நானூற்றுச் சொச்சம் ஜோடியும் பழைய பெட்டியோடு போயின. இரண்டேகாலுக்கு அக்கா வந்து அடுத்த ஜோடியை ஸ்கேன் செய்தார். 'பீப்' என்றது. திரை பச்சை.

மூன்று மணிக்கு வாங்குவோர் தரப்பிலிருந்து ஒருவர் சோதனைக்கு வந்து, காலையில் கட்டிய அட்டைப்பெட்டிகளுக்கு ஸ்கேன் கணக்கைக் கேட்டார். மேனேஜர் திரையைத் திறந்தார். காலை முழுக்கப் பூஜ்யம். அந்தச் சரக்கை ஏற்ற வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சோதனைக்கு வந்தவர் போய்விட்டார். மேனேஜர் அக்காவை என் மேசைக்குக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா இது? காலையில இருந்து கத பேசிக்கினு இருந்தியா?"

"ஒவ்வொரு ஜோடியும் ஸ்கேன் பண்ணேன் சார். கூட இருந்த பொண்ணுங்கள கேளுங்க."

"பொண்ணுங்கள கேட்டா நீ சொல்றதத்தான் சொல்லும். மிஷினு பொய் சொல்லுமா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் என் திரையைப் பார்த்தேன். 'ரீஸ்டார்ட்: ஒன்று' என்று எழுதியிருந்தது. பெட்டி ஒரு முறை மாறியிருக்கிறது. ஒரு நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

நான் வாயைத் திறக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. திறந்தேன். "சார், லைவ்னெஸ் ப்ரோப் ஃபெயிலாகி பாட் ரீஸ்டார்ட் ஆயிருக்கு, ஸ்டேட் பெர்சிஸ்ட் ஆகல" என்றேன். மேஸ்திரி பெட்டியை மாற்றியதில் உள்ளே இருந்த கணக்கு போய்விட்டது என்று அர்த்தம், ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அங்கே ஒருவருக்கும் புரியாது என்று தெரிந்துதான் அப்படிச் சொன்னேன். என் வாழ்நாளில் நான் பேசியதிலேயே தப்பில்லாத இங்கிலீஷ் அதுதான்.

"இப்ப ஓடுதா இல்லயா?" என்றார் மேனேஜர்.

"ஓடுது சார்."

"அப்புறம் இன்னா?"

சனிக்கிழமை காலை அக்காவைத் திரும்பப் பசைப் பகுதிக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கே நான் பெட்டிக்கு வெளியே இடம் ஒதுக்கினேன். அரை நாள் என்று நினைத்த வேலை நாற்பது நிமிடத்தில் முடிந்தது. சிஸ்டத்தில் செய்த மாற்றங்களைப் பதியும் குறிப்பில் 'ஸ்திரத்தன்மை மேம்படுத்தப்பட்டது' என்று எழுதினேன். அதற்கும் டீ வந்தது. குடித்தேன்.

திங்கட்கிழமை பஸ் நிறுத்தத்தில் அக்காவிடம் போனேன். "அக்கா, தப்பு உங்க மேல இல்ல. எழுதினதுல நான்தான்..."

"இத எதுக்குபா எங்கிட்ட சொல்ற? நான் ஸ்கேன் பண்ணது எனக்குத் தெரியாதா?" இருமல் அதற்குள் திரும்பியிருந்தது. "சொல்ல வேண்டிய எடத்துல இங்கிலீஷு பேசிட்டு, எங்கிட்ட வந்து தமிழு பேசற."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் மேனேஜரிடம் முழுக்கத் தமிழில் சொன்னேன். நான் எழுதிய தாள், நான் மறந்த வெள்ளிக்கிழமை, அக்கா ஸ்கேன் செய்தது உண்மை, அது காணாமல் போனது என்னால். அவர் கதவைச் சாத்தச் சொன்னார்.

"இத வெளிய சொல்லாத. ஆளோட தப்பு, ஆள மாத்திட்டேன், சிஸ்டம் பக்காவா இருக்குன்னு வாங்கறவங்களுக்கு மெயில் போட்டாச்சு. இந்த சிஸ்டத்த காட்டித்தான் அடுத்த ஆர்டரே கேட்டிருக்கேன். இப்ப அந்தம்மாவ திரும்பி உக்கார வெச்சா இன்னா அர்த்தம்?"

"அக்காவுக்கு பச வாட ஒத்துக்கல சார்."

"உனக்கு ஒத்துக்குதில்ல? போய் வேலயப் பாரு."

ராஜினாமா கடிதம் ஒன்று எழுதினேன். நல்ல கடிதம். அது இன்னும் என் கம்ப்யூட்டரில், பத்திரமாக, பெட்டிக்கு வெளியேதான் இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து ஸ்கேன் பசைப் பகுதிக்கும் வந்தது. சொல்லிக்கொடுக்க நான்தான் போனேன். அக்கா ஸ்கேனரைத் தொடவில்லை. ஓவர்கோட் பையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்து நீட்டினார்.

"இத்தன ஜோடி இவங்க பண்ணாங்கன்னு தமிழ்ல எழுதி கையெழுத்து போடு. தினம் மத்தியானம் ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி. அப்பத்தான் தொடுவேன்."

மேனேஜர் கேட்டுச் சிரித்தார். "போட்டுத் தொலையேன், உனக்கு வேற இன்னா வேல?"

அன்றிலிருந்து போடுகிறேன். இருபத்துநாலு மணி நேரமும் ஆள் இல்லாமலே ஓடும் சிஸ்டத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டு முறை நான் பேனாவோடு மாடி இறங்க வேண்டியிருக்கிறது. அக்கா என்னிடம் வேறு எதுவும் பேசுவதில்லை. சீட்டை நீட்டுவார், வாங்கிப் படிப்பார், மடித்து வைத்துக்கொள்வார். போன வாரம் அவசரத்தில் கையெழுத்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. சீட்டைத் திருப்பி என் முன்னால் வைத்தார்.

"படிக்கிற மாதிரி போடுபா."

நான் என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன்.