வசம்பு தடவாத நாக்கு

வசம்புக்கு எங்கள் பக்கம் பிள்ளை வளர்ப்பான் என்று பெயர். சுட்டு, தாய்ப்பாலில் உரைத்துக் குழந்தையின் நாக்கில் தடவுவார்கள். என் மகளுக்கு ஐந்து வயதாகியும் பேச்சு வராததற்கு நான் அதைத் தடவாததுதான் காரணம் என்றார் என் மாமியார். தடவினேன் என்று சத்தியம் செய்தேன். என் அம்மாவோ, "அளவு தெரியாம தடவி நாக்கு தடிச்சிப்போச்சு" என்றாள். என் கல்யாணத்தில் சாம்பாருக்குக்கூட ஒத்துப்போகாத இரண்டு சம்பந்திகளும் என் தப்பில் மட்டும் ஒன்றாகிவிட்டார்கள்.

போன் கொடுத்தது, செஞ்சி மருந்துக்கடைக்கு வேலைக்குப் போனது எல்லாம் பிறகு சேர்ந்துகொண்டன. என் கணவரும் நாலு வயதுவரை பேசவில்லையாம். அது மட்டும் அமைதியான சுபாவம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

விழுப்புரம் டாக்டரம்மா, இது ஆட்டிசம், பிறவியிலேயே மூளை இப்படி அமைந்திருக்கிறது, யார்மேலும் தப்பில்லை என்று பொறுமையாகச் சொன்னார். அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவருகே திரும்பி, "மேடம், வசம்பு அதிகமாயிருக்குமா?" என்று கேட்டேன். எனக்கே என்மேல் ஆத்திரம் வந்தது.

நாத்தனார் பிரசவத்துக்காக அவலூர்பேட்டையில் என் மாமியார் வீட்டுக்கு வந்து, குழந்தையும் பெற்றிருந்தாள். எல்லாப் பிள்ளைகளையும்போல என் மகளும் அந்தக் குழந்தையின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. கணவரும் நானும் அவளை அழைத்துக்கொண்டு போனோம். செஞ்சிக் கோட்டை மலை மறையும்வரை அவள் பஸ் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு வந்தாள்.

குழந்தையின் கையில் வசம்பு வளையல் கட்டியிருந்தார்கள். எதையும் மோந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள் என் மகள். குழந்தையைத் தொடாமல், மெதுவாகக் குனிந்து அந்த வளையலை மோந்தாள். சிரித்தாள். மாமியார் ஓடிவந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டார்.

"தூர இட்டுனு போம்மா. இதுக்கும் அந்த மாதிரி ஆயிடப் போவுது."

என் கணவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் காலியான பாயை மோந்துகொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

செருப்பு மாட்டும்போது நாத்தனார் குழந்தையோடு பின்னாலேயே வந்தாள். பாவம், கண்ணெல்லாம் தூக்கமில்லாத வீக்கம்.

"அண்ணி, கோச்சிக்காதீங்க. வசம்பு தடவட்டுமா, வேணாமா? இன்னா பண்ணா உங்க பொண்ணு மாதிரி ஆவாது?"

அறைய வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவள் பதிலுக்காக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேலி செய்யவில்லை, பயந்திருக்கிறாள்.

"தடவனாலும் ஒண்ணுதான், தடவாட்டியும் ஒண்ணுதான். அதால எதுவும் வராது," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா புள்ளைக்கி ஏதாவது ஒண்ணுன்னா, உன் மாமியா உன்னத்தான் சொல்லும். உங்கம்மாவும் உன்னத்தான் சொல்லுவாங்க."

அவள் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தாள்.

உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது: "பச்ச ஒடம்புக்காரிய இன்னாடி சொல்லி அழ வெச்ச?"