முன்வண்டி வெல்டா

வெல்டா கிரிவால்டைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னால் சண்டைக்கு வருவாள். ஜாக்கிரதைக்காரி என்று சொல்ல வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். தண்டவாளம் வந்தால் பஸ்ஸை நிறுத்தி, கதவைத் திறந்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் கடக்க வேண்டும் என்பது சட்டம். அவளோ முட்டை வாங்கக் கடைக்குப் போகும்போதும், சொந்தக் காரில், தண்டவாளத்துக்கு முன்னால் நின்று கண்ணாடியை இறக்குவாள். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் அடித்துக்கொள்ளட்டும். நெப்ராஸ்காவில் எங்கள் பக்கம் சனங்கள் குறைந்துகொண்டே போனதில், ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிட்டார்கள். பஸ் போயிற்று, வெல்டாவின் வேலையும் போயிற்று.

அவள் தம்பி ராய்ஸ் அப்போதுதான் மாட்டு லாரி ஓட்டிச் சலித்துப்போய், தரையோடு தரையாகக் கிடக்கிற நீளமான பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கியிருந்தான். புல்டோசர், மண் தோண்டும் எந்திரம் மாதிரி மலை மலையான சாமான்களை ஏற்றத்தான். இந்தத் தொழிலில் காலெடுத்து வைப்பது இருக்கிறதே, அது ஒரு கூத்து. எத்தனை வருஷ அனுபவம் என்று எல்லாரும் கேட்பார்கள், முதல் பாரத்தை மட்டும் ஒருத்தரும் தர மாட்டார்கள். காப்பீட்டுக்காரன் முகத்தைச் சுளித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். எங்கேயாவது இடித்தால் அன்றோடு சரி என்று சொல்லியும் வைத்தான். கடைசியில் ஹாஸ்கின் என்ற கல்குவாரிக்காரர் மனம் இரங்கினார்.

"இந்த ஒரு எந்திரத்த முழுசாக் கொண்டுபோய்ச் சேத்துடு. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்" என்றார்.

டிரெய்லரில் ஏற்றினால் அதன் உயரம் பதினைந்து அடி. அவ்வளவு உயரமான பாரம் போனால் முன்னால் ஒரு வண்டி போயாக வேண்டும். அதன் மூக்கில் நெட்டுக்குத்தாக ஒரு கம்பு, பாரத்தைவிட மூன்று அங்குலம் உயரத்தில் நிற்கும். மேலே எதிலாவது கம்பு தட்டினால், முன்வண்டியில் இருப்பவர் ரேடியோவில் சொல்ல வேண்டும், லாரி நிற்க வேண்டும். அதற்குத்தான் ராய்ஸ் அக்காவைக் கூப்பிட்டான்.

"நீ பாட்டுக்கு முன்னாடி போ. கம்பு இடிச்சா சொல்லு. பஸ் ஓட்டுனவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

"பின்னாடி புள்ளைங்க கத்தாதுல்ல? அது போதும், வரேன்."

கிளம்பும் நாள் காலையில் வெல்டா தன் கொட்டகையில் தனியாக நின்று கம்பை மாட்டினாள். மூன்று அங்குலமா! அது கட்டைவிரல் நீளம். தம்பியின் பிழைப்பைக் கட்டைவிரல் நீளத்தில் தொங்கவிடுவதா? கம்பை ஏற்றினாள். இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். பதினாறு அடியில்தான் அவளுக்கு மூச்சே வந்தது. அதை ராய்ஸிடம் சொல்லவில்லை.

அப்புறம் என்ன, கம்பு எல்லாவற்றிலும் இடித்தது. மின்கம்பியில் இடித்தது, மரக்கிளையில் இடித்தது, பெயர்ப்பலகையில் இடித்தது. ஒவ்வொரு தடவையும் வெல்டா "இடிக்குது, இடிக்குது!" என்று கத்துவாள். ராய்ஸ் லாரியை நிறுத்தி, இறங்கி, அளவுகோலை நீட்டிப் பார்ப்பான். தாராளமாக இடம் இருக்கும். முதல் தடவை "நல்ல வேளை சொன்ன அக்கா" என்றான். மூன்றாவது தடவை அளவுகோலைப் படாரென்று மடக்கினான். அப்புறம் வாய் சும்மா இருக்கவில்லை.

"அக்கா, மேல குருவி பறந்தாலும் சொல்லுவியா?"

பின்னால் கார்களும் டிராக்டர்களும் வாலாக நீண்டு ஹாரன் அடித்தன. வெல்டாவுக்குக் காது சுட்டது.

மத்தியானம் சாப்பிட நிறுத்திய இடத்தில் ராய்ஸ் அளவுகோலை எடுத்துக்கொண்டு நேராக அவள் கம்பிடம் போனான். வெல்டா உள்ளே பீன்ஸ் குழம்பை முடித்துவிட்டு, கூட வந்த இலவங்கப்பட்டை ரொட்டியில் கை வைத்திருந்தாள். அவன் போட்ட சத்தத்தில் அதை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"பதினாறு அடி! நிலா வரைக்கும் ஏத்த வேண்டியதுதானே?"

"எனக்கென்னடா வந்துச்சு? உன் வண்டிக்காகத்தானே."

"என் வண்டிதான். பொழுது சாஞ்சா இந்த மாதிரி பாரத்த ஓட்டக்கூடாது, தெரியும்ல? நீ ஒயருக்கு ஒயர் மாரடிச்சா எப்பப் போய்ச் சேர்றது? மூணு அங்குலத்துக்கு இறக்கு."

"முடியாது."

"அப்ப நான் ரேடியோவ அணைச்சிடறேன். நீ உன் கம்போட பேசிக்கிட்டே வா."

சொல்லிவிட்டுக் காப்பி வாங்க உள்ளே போய்விட்டான். வெல்டா கொஞ்ச நேரம் கம்பை முறைத்தபடி நின்றாள். பிறகு திருகைத் தளர்த்தி, அளந்து, சரியாக மூன்று அங்குலத்துக்கு இறக்கினாள். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல். காப்பியோடு அவன் வந்தபோது இறக்கிவிட்டேன் என்று வாயைத் திறக்கவில்லை. பல்லைக் காட்டுவான் என்று அவளுக்குத் தெரியும். அவனும் வீம்பில் அவள் பக்கம் திரும்பாமலே ஏறிக் கிளம்பினான்.

அதன் பிறகு கம்பு எதையும் தொடவில்லை. கம்பிகளெல்லாம் தலைக்கு மேல் சுத்தமாகப் போயின. வெல்டா பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

பிறகு ரயில் பாலம் வந்தது. பதினைந்து அடி ஐந்து அங்குலம் என்று பலகை போட்டிருந்தது. வெல்டா அடியில் நுழைந்தாள். படீர் என்று கம்பு உத்தரத்தில் மோதி வில்லாக வளைந்தது. அவள் கீழே பார்த்தாள். தார் கன்னங்கரேலென்று புதுசாக இருந்தது, கோடுகூடப் போடவில்லை. ரோட்டை உயர்த்தியவர்கள் பலகையை மாற்றவில்லை, பாவிகள்!

"இடிக்குது ராய்ஸ்! நில்லு!"

பதிலே இல்லை.

"கம்ப இறக்கிட்டேன்டா! மூணு அங்குலந்தான்! நெசமாவே இடிக்குது!"

ரேடியோ இரைந்தது, அவ்வளவுதான். கண்ணாடியில் லாரி அதே வேகத்தில் வந்துகொண்டிருந்தது. அவன் கணக்குக்குக் கம்பு பதினாறு அடி. பலகையில் இருப்பதோ பதினைந்தரைக்கும் குறைவு. இடிக்காமல் என்ன செய்யும்? அவன் பாரத்துக்கு ஐந்து அங்குலம் இடம் இருக்கிறதே.

வெல்டா ஸ்டியரிங்கை ஒரே ஒடியாக ஒடித்தாள். பாலத்துக்கு அடியில் காரைக் குறுக்கே போட்டு, ஹாரனில் கையை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இறங்கி ஓடியிருக்கலாம். ஓடினால் ஹாரனை யார் அழுத்துவது என்று அவளே என்னிடம் கேட்டிருக்கிறாள்.

டயர்கள் அலறின. எந்திரத்தைக் கட்டியிருந்த சங்கிலிகள் முனகின. புகை கலைந்தபோது லாரியின் முகப்பு பாலத்துக்கு வெளியே, அவள் கதவுக்கு ஒரு கார் நீளம் தள்ளி நின்றிருந்தது.

ராய்ஸ் குதித்து ஓடிவந்தான்.

"பைத்தியமா உனக்கு? உன்னக் கொன்னிருப்பேன் அக்கா!"

"அளந்து பாரு."

"என்னத்த அளக்க?"

"அளந்து பாருடா!"

அளந்தான். எதிர்ப்பக்கம் போய் இன்னொரு தடவை அளந்தான். பிறகு லாரியின் படியில் போய் உட்கார்ந்தான்.

"பதினாலு அடி பதினோரு அங்குலம். நம்ம பாரம் பதினஞ்சு."

வெல்டா கார்க் கண்ணாடியை இறக்கினாள்.

"கம்ப இறக்கிட்டேன்னு சாப்பாட்டுக் கடையிலயே சொல்லியிருக்கணும். தப்புதான்" என்றாள்.

"ரேடியோவ அணைச்சவன் நான்தானே." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அக்கா, எல்லாம் போயிருக்கும். லாரி, ஹாஸ்கின், எல்லாம்."

பக்கத்துப் பண்ணை வீட்டுக்குப் போய் ஃபோன் செய்து, வேறு வழியில் போகச் சாலைத்துறையிடம் அனுமதி வாங்கினார்கள். அந்த வழிக்குத் திரும்புகிற சந்தோ ஒரு மைலுக்குக் கொஞ்சம் குறைவாகப் பின்னால் இருந்தது. அதுவரை லாரியை ரிவர்ஸிலேயே ஓட்ட வேண்டும். ரோட்டின் இரண்டு பக்கமும் பள்ளம். ராய்ஸின் கண்ணாடிகளில் எந்திரத்தின் இரும்பைத் தவிர ஒன்றும் தெரியாது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் எந்திரத்தோடு கவிழ வேண்டியதுதான். வெல்டா காரில் லாரியை ஒதுங்கிக் கடந்து வால் பக்கம் போனாள். அங்கே அவள் ரேடியோவில், தம்பி தன்னுடையதைப் போடுகிற சொடுக்குச் சத்தம் கேட்டது.

"கேக்குதா?"

"கேக்குது, சொல்லு."

"இடது பக்கம் ஒடி. இன்னும் கொஞ்சம். போதும். இப்ப நேரா வா. நேரா."

லாரி ஆமை மாதிரி பின்னால் வந்தது. பாதி தூரம் வந்திருக்கும்.

"நில்லு!"

அவள் வாய் மூடும் முன்னே பிரேக் சீறியது. சங்கிலிகள் ஒரு தடவை குலுங்கி அடங்கின.

"என்ன அக்கா? என்ன இருக்கு அங்க?"

வெல்டா ரோட்டைப் பார்த்தாள். ரோடு காலியாகக் கிடந்தது.

"ஒண்ணுமில்ல. நிக்கிறியான்னு பாத்தேன். வா, நேரா வா."