தொண்ணூற்று மூன்று எப்படி வந்தது?

தாளை ஒட்டி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, சத்தம் கிளம்பிவிட்டது. எங்கள் ஊர்த் திருவிழாவில் பேட்டைப் பள்ளிகளின் பேண்டு போட்டி முடிந்ததும் மதிப்பெண் தாளைக் கூடைப்பந்து அரங்கத் தூணில் ஒட்டியாக வேண்டும். ஒவ்வொரு பேட்டையும் கைபேசியில் அதைக் கூட்டிப் பார்க்காமல் விடாது.

"இசைக்கு 36.67, அணிவகுப்புக்கு 28.67, உடுப்புக்கு 27.67. கூட்டினா 93.01 வருது. இவங்க வெறும் 93 போட்டிருக்காங்க! எங்க புள்ளிய எவன் தின்னான்?"

கத்தியவள் மபினி பேட்டை பாஸிங். மகள் பேண்டில் வாசிக்கிறாள். பாஸிங்கின் குரலுக்கு என் கையிலிருந்த மைக் தேவைப்படவில்லை.

சான் ரோக்கே பேட்டைக்கும் தாளில் 93தான். அவர்கள் எண்களைக் கூட்டினாலோ 92.99. மொத்தம் சமமானால் இசையில் முந்தியவருக்குக் கோப்பை என்பது விதி. இசையில் சான் ரோக்கே 37.33. மாகாணப் போட்டிக்கு ஒரே ஒரு பேண்டுதான் போகும். மபினி கடைசியாகப் போய்ப் பதினோரு வருடம்.

புனிதர் ஊர்வலம் கிளம்பப் பத்து நிமிடம் இருந்தது. அதற்குள் நான் முடிவை அறிவிக்க வேண்டும். மேடைக்குப் பின்னால் ஓடினேன்.

மடிக்கணினி முன் திவினா பனாலிகன். நகராட்சியில் எழுத்தர். ஒன்பது வருடமாக எங்கள் போட்டிகளுக்கெல்லாம் மதிப்பெண் கூட்டுபவர். குடியிருப்பது மபினியில், பாஸிங்குக்கு மூன்றாவது வீடு.

கூட்டலில் ஏதாவது கட்டம் விடுபட்டதா என்று பார்த்தார். இல்லை. நடுவர்களின் தாள்களை வைத்து எல்லா எண்களையும் மறுபடி சரிபார்த்தார். தவறில்லை. பிறகு 36.67 இருந்த கட்டத்தில் தெரியும் தசம இலக்கங்களை அதிகமாக்கினார். 36.6666667 என்று நீண்டது.

"இரண்டு இலக்கம் தெரிஞ்சாப் போதும்னு நான்தான் வெச்சேன்," என்றார். "உள்ள முழு எண் கிடக்கு. மொத்தம் அதை வெச்சு வந்திருக்கு."

ஒவ்வொரு சராசரியையும் இரண்டு இலக்கத்துக்கு முழுதாக்கச் சொல்லிச் சூத்திரத்தை மாற்றினார். மபினி 93.01. சான் ரோக்கே 92.99.

மபினிப் பேட்டைத் தலைவர் கேப்டன் எர்னிங் திவினாவின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியே விடு திவினா. சேவ் பண்ணு. தூண்ல இருக்கிற புள்ளிய வெச்சு ஊரே கூட்டினதும் இதான்."

திவினாவின் விரல் விசை மேல் நின்றது. விதித்தாளில் முழுதாக்குவது பற்றி ஒரு வரியும் இல்லை. கேட்க ஆளில்லை. அப்படியே விட்டாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

விரல் நகர்ந்தது. எண்கள் பழையபடி 93, 93 ஆயின.

"மூணு நடுவர், கேப்டன். மூணால வகுத்தா முடியாம ஓடுது. வெட்டும்போது நமக்கு மேல ஏறுது, அவங்களுக்குக் கீழ இறங்குது. பிள்ளைங்க வாசிச்சதுல இந்த வித்தியாசம் கிடையாது."

"அப்ப ஊர்க்காரங்க கூட்டினது பொய்யா?"

"கூட்டல் சரி. நான் ஒட்டின எண்ணுதான் அரைகுறை."

"சாயங்காலம் நம்ம ஆளுங்களோட எந்த ஜீப்னி வண்டில ஏறி வீட்டுக்குப் போவே, அதையும் யோசிச்சுக்கோ."

ஒன்பது வருடத்தில் மைக்கைத் தொடாத திவினா என் கையிலிருந்து அதை வாங்கினார். மேடையில் ஏறினார்.

"எல்லாரும் போனை எடுங்க. தாள்ல அரைகுறை எண் போட்டது என் தப்பு. இப்ப நடுவர் போட்டதை வகுக்காம படிக்கிறேன், நீங்களே கூட்டுங்க. மபினி, இசை: முப்பத்தேழு, முப்பத்தாறு, முப்பத்தேழு…"

"மெதுவா படிங்கக்கா, உங்க வீட்டுக்குத் தீ பிடிக்கல!" என்று கத்தினாள் பாஸிங்.

மெதுவாகப் படித்தார். மபினி 279. சான் ரோக்கே 279. பாஸிங் இரண்டு தடவை அழித்துக் கூட்டினாள். போனைப் பைக்குள் போட்டாள். "இசையில சான் ரோக்கே 112, மபினி 110," என்று திவினா சொல்லி முடிக்கும் முன் சான் ரோக்கேயின் முரசுகள் அதிர ஆரம்பித்தன.

மாலை மபினிக்குப் போகும் ஜீப்னியில், எல்லாரும் எதிரெதிரே உட்காரும் அந்த நீள ஜீப்பில், திவினா கடைசியாக ஏறினார். முரசுகளுக்கு நடுவே பின்வாசல் ஓரம்தான் இடம் கிடைத்தது. நான் ஏற்கெனவே முன்னால் ஓட்டுநர் பக்கம் ஏறியிருந்தேன். கட்டணச் சில்லறையை நீட்டி, "முன்னால குடுங்க," என்றார். கைமாற்றி ஓட்டுநரிடம் சேர்ப்பதுதான் வழக்கம். கை அந்தரத்தில் நின்றது. ஒருத்தரும் வாங்கவில்லை. பாலம் வந்தது, கடந்தது. அவர் கையை மடக்கவில்லை.

எதிரிலிருந்த பாஸிங் வெடுக்கென்று வாங்கினாள்.

"ஒரு ஆளுதானே? முழுசா ஒண்ணு? புள்ளி கிள்ளி ஒண்ணும் இல்லையே?"

"முழுசா ஒண்ணு," என்றார் திவினா.

சில்லறை முன்னால் போனது.