மாமாவின் வலது கை

வகுப்பறையில் என் மேசைமேல் ஒரு கறுப்பு ரூல் தடி இருக்கிறது. கருங்காலியில் கடைந்த உருண்டைத் தடி. பேரேட்டில் வைத்து உருட்டிக் கோடு போடுவதற்கானது. ஒரு முனையில் பிளவு. அது பிளந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

அஞ்சுகிராமத்து மொத்தக் கடை முதலாளியின் தடி அது. என் தாய்மாமா எட்டு வயதில் அந்தக் கடைக்குப் போனவர். பள்ளிக்கூடம் அறியாதவர், எழுத்தையும் கணக்கையும் அங்கேயே அடிபட்டுப் படித்தார். தப்பு வந்தால் முதலாளி "கை" என்பார். மாமா வலது கையை நீட்டுவார். தடி விரல்முட்டியில் இறங்கும். மாமாவுக்கு நாற்பது வயதான பிறகும் இது மாறவில்லை. முதலாளியின் முகத்தில் கோபம்கூட இருக்காது.

நாகர்கோவிலில் ஒரு கம்பெனியில் கணக்கெழுத்து வேலை இருந்தது. புக்கீப்பிங் பரீட்சை தேறியவர்களைத்தான் எடுப்பார்கள். முதலாளிக்குத் தெரியாமல் மாமா ஞாயிறுதோறும் வகுப்புக்குப் போனார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான். அப்போது ஹைஸ்கூலில் கடைசி வகுப்பு. இங்கிலீஷ் புத்தகத்தை நான்தான் வாசித்துச் சொன்னேன். கடைப் பேரேட்டில் வரவு இடப்பக்கம், பற்று வலப்பக்கம். புதுக் கணக்கில் பற்று இடப்பக்கம் வரவேண்டும். மாமாவின் கை பழைய பக்கத்துக்கே போனது. போகும்போதெல்லாம் ஒரு விறகுக் கட்டையை எடுத்துத் தன் கையைத் தானே அடிப்பார். "விடுங்க மாமா" என்றால், "முப்பது வருசத்துக்கு மேல பழகுன கையி மக்கா. அடிச்சாத்தான் கேக்கும்" என்பார்.

எனக்கோ பெருமை அடங்கவில்லை. முதலாளியின் மகளும் என் வகுப்புதான். "ஒங்க மாமன் எங்க கடை வேலைக்காரன்தானே" என்று ஒருநாள் அவள் சிரித்தாள். "தை மாசம் வரைக்குந்தாம்ட்டி. பரீச்சை பாசானா அவரு கம்பெனிக்காரராக்கும்" என்றேன்.

மறுநாள் எண்ணெய் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். முதலாளி மாமாவை அருகில் கூப்பிட்டார். "பரீச்சை எழுதப் போறியாமே. எந்தக் கையில எழுதுவலே?"

மாமா வலது கையை நீட்டிவிட்டார். பழக்கம். முதலாளி அதை எடைக்கல்மேல் வைத்து அழுத்திக்கொண்டு அடித்தார். மூன்றாவது அடியில் சத்தம் வேறாகக் கேட்டது. நான்காவதில் தடி பிளந்து, அவர் கையிலிருந்து நழுவி, என் காலடிக்கு உருண்டு வந்தது. மாமா ரத்தம் படாமல் பேரேட்டை இடது கையால் தள்ளி வைத்தார். நான் தடியைப் பாவாடையில் சுருட்டிக்கொண்டு ஓடினேன். வீட்டில் எல்லாவற்றையும் சொன்னதும் அம்மா என் வாயிலேயே அறைந்தாள். "படிப்பு வாயில இருந்தா போதுமாட்டி?" உதடு கிழிந்தது. அந்த அடி எனக்கு வேண்டியதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

மாமா பிறகு கடைக்குப் போகவில்லை. உடைந்த மூன்று விரல்கள் கோணலாகச் சேர்ந்தன. பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது. இடது கையால் எழுதப் பழகினார். பற்று ஒரு தடவைகூடப் பக்கம் மாறவில்லை. "இந்தக் கை அடி வாங்கல மக்கா. அதுக்குப் பழசு தெரியாது" என்றார். தேறினார். அந்தக் கம்பெனியில் இன்றும் இடது கையால்தான் எழுதுகிறார்.

நான் இப்போது ஆசிரியை. நேற்று கணக்கைத் தப்பாகப் போட்ட ஒரு சிறுமி, நான் ஒன்றும் சொல்லுமுன்னே வலது கையை நீட்டினாள். ஏன் நீட்டுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. பிறகுதான் பார்த்தேன். ரூல் தடியை ஓங்கிக்கொண்டு நின்றிருந்தேன்.