வித்யா கலந்த ஒயினும் என் துப்பலும்

இன்று மத்தியானம் கொச்சி மட்டாஞ்சேரியில், என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், உலக ஒயின் வரலாறு திசை மாறியது. பத்திரிகைகளுக்கு இன்னும் தகவல் போகவில்லை.

தங்கை மகள் வித்யாவுக்கு நாசிக்கில் ஒயின் கம்பெனியில் வேலை. தன் கையால் கலந்த முதல் ரெட் ஒயினோடு வந்திருந்தாள். விற்காமல் தங்கிய பீப்பாய்களைக் கலந்து, சாதாரண ஜனங்கள் வாங்கும் விலைக்குப் போட்டது.

"மிச்சம் மீதி, மச்சான்," என்றார் அவள் அப்பா. "இதுக்கா இவ்வளவு படிக்க வெச்சோம்?"

வித்யா ஒரு கிளாஸில் ஊற்றி என்னிடம் நீட்டினாள். என் முகத்தையே பார்த்தாள்.

நான் உறிஞ்சினேன். அந்தச் சத்தத்தில் பக்கத்து ஊர் சுள்ளிக்கல் வரை ஜன்னல்கள் அதிர்ந்தன. வாயில் நன்றாக உருட்டிவிட்டு, எழுந்து போய் வாஷ்பேசினில் துப்பினேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. "அவ்வளவு மோசமா மாமா?"

பாவம், பெண்ணுக்குத் தெரியாது. முப்பது வருஷம் இங்கே தேயிலை ருசி பார்த்துக் கலக்கும் உத்தியோகத்தில் இருந்தவன் நான். எத்தனை நல்ல சரக்கானாலும் விழுங்குகிற பழக்கமே கிடையாது.

"மூணு சரக்கு கலந்திருக்கே. துவர்ப்பு ஜாஸ்தியாச்சேன்னு பயந்து மூணாவதைக் கடைசியில சேர்த்திருக்கே. சரியா?"

"அதை நான் யார்கிட்டயும் சொல்லலையே மாமா."

அவள் அப்பாவிடம் திரும்பினேன். "மாப்பிள்ளே, இத்தனை வருஷம் நீங்க குடிச்ச சாயா, தேயிலை ஏலத்துல விலை போகாம மிஞ்சின பத்து லாட்டை நான் கலந்தது. ஒரு நாளாவது குறை சொன்னீங்களா?"

அவர் தன் கிளாஸை மகளிடம் நீட்டினார்.

இப்போது லேபிளில் போட மாமா ஒரு வரி தர வேண்டுமாம். பதினெட்டுப் பக்கம் எழுதிவிட்டேன். நாலு வார்த்தைக்குத்தான் இடமாம். சுருக்கித் தரும் புண்ணியவான்கள் கீழே கமெண்டில் வரவும்.